நிலத்தை நோக்கிப் புக்கவர்கள்

1974ஆம் ஆண்டில் எங்கள் உயர்தர வகுப்பில் தமிழும் சரித்திரமும் செவ்வாய்க்கிழமைகளில் அடுத்தடுத்து வரும். அப்படியொரு செவ்வாயில் கேட்ட இரண்டு தோல்விகளை ஐம்பது ஆண்டுகளாகியும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

முதலாவது கம்பனுடையது. "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்று இராமன் அனுப்பிவிட, இராவணன் திரும்பி வருகிறான். கும்பகருணன் வதைப் படலத்தின் முதற்பாடலில், யானைகளோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள், நாரதர் மெச்ச இசைத்த நாக்கு, பத்து முடிகள், சிவன் தந்த வாள், வீரம் என்று அடுக்கி, அத்தனையையும் களத்தில் போட்டுவிட்டு "வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்கிறான் கம்பன். "முடியும் வாளும் களத்தில் விழலாம். மார்பையும் தோளையும் நாக்கையும் எப்படியடா போட்டுவிட்டு வருவது?" என்று எங்கள் தமிழாசிரியர் கேட்டார். ஒருவருக்கும் விடை வரவில்லை. அவர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டபடி, தலையைக் குனிந்து வாசலிலிருந்து மேசை வரை மெல்ல நடந்து காட்டினார். திசைகளை நோக்கான், வளநகர் நோக்கான், எதிர்கொள்ள வந்த உறவினரை நோக்கான், கடல்போன்ற சேனையையும் நோக்கான். பூமி என்னும் நங்கை ஒருத்தியையே நோக்கிப் புக்கான். வானும் மண்ணும் பகைவரும் சிரிப்பார்களே என்பதற்கு நாணாதவன், சானகி சிரிப்பாளே என்று கூசிக் குன்றிப்போகும் இடத்தைச் சொல்லும்போது ஆசிரியரின் குரல் தழுதழுத்தது. பகைவனின் தோல்வியை இவ்வளவு பரிவோடு பாடிய இன்னொரு கவியை நான் அறியேன்.

மணியடித்ததும் சரித்திர ஆசிரியர் வந்து, மலாயாவையும் சிங்கப்பூர்த் தீவையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணையை ஒரே கோட்டில் வரைந்தார். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தபாருவில் இறங்கிய ஜப்பானியர் எழுபது நாட்களுக்குள் மலாயா முழுவதையும் கடந்து சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள். தீவில் இருந்த பிரித்தானியத் தரப்புப் படை ஏறத்தாழ 85,000 பேர். தாக்கியவர்கள் அதில் பாதிகூட இல்லை, அவர்களுடைய குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. ஆனால் இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் வானத்தையும் இழந்து, வாரக்கணக்காகப் பின்வாங்கியே வந்த படைக்கு அது தெரியவில்லை. நகரில் குடிநீரும் அற்றுப்போகும் நிலையில், 1942 பெப்ரவரி 15ஆம் தேதி, பிரித்தானியத் தளபதி ஜெனரல் பேர்சிவல் புக்கிட் தீமாவின் போர்டு தொழிற்சாலைக்கு நடந்து போய் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார். ஒருவர் வெள்ளைக் கொடியும் இன்னொருவர் பிரித்தானியக் கொடியும் தாங்க, அரைக்காற்சட்டையும் இரும்புத் தொப்பியுமாக அவர் நடக்கும் படத்தை ஆசிரியர் புத்தகத்தைப் பிரித்து உயர்த்திக் காட்டியபோது, என் கண்ணுக்கு முன் நின்றவன் இராவணன்தான்.

எங்கள் ஒழுங்கையில் மலாயன் பென்சனியர் ஒருவர், அதாவது மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர், இருந்தார். அன்று பின்னேரமே அவரிடம் போய்க் கேட்டேன். சரணடைந்த இரண்டாம் நாள், தான் பத்து ஆண்டுகள் எழுந்து நின்று வணங்கிய மேலதிகாரி, தொண்டர் படைச் சீருடையில், தன் மூட்டையைத் தானே சுமந்துகொண்டு சாங்கிச் சிறைப் பக்கம் நடந்து போனதைத் தெருவோரம் நின்று கண்டதாகச் சொன்னார்.

"அவர் உங்களைப் பார்த்தாரா, ஐயா?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றார்.