ஒரு ஆள் 'அலம்னை' ஆகேலாது

பழைய மாணவர் சங்கப் பதாகையில ஒருத்தரின்ர பேருக்குக் கீழ 'அலம்னை' எண்டு அடிக்காதேங்கோ. அது 'பழைய மாணவர்கள்' எண்ட லத்தீன் பன்மை. ஒரு ஆண் எண்டால் அலம்னஸ், ஒரு பெண் எண்டால் அலம்னா. பெண்கள் மட்டும் பலர் எண்டால் அலம்னீ. மகளிர் கல்லூரிக்காரர் கவனியுங்கோ. ஆண்கள் மட்டும் பலர் எண்டாலும், ரெண்டு பேரும் கலந்திருந்தாலும் அலம்னை.

பற்றீரியாவும் பன்மைதான், ஒருமை பற்றீரியம். ஆங்கில மொழிமூல உயிரியல் விடைத்தாளில 'எ பற்றீரியா' எண்டு எழுதினால் பிழை. தமிழில 'பற்றீரியாக்கள்' சரி. கடன் வாங்கின சொல்லுக்கு எங்கட விகுதிதான்.

சொல்லின்ர கடைசியில 'அஸ்' கண்ட இடமெல்லாம் பன்மைக்கு 'ஐ' போடுறதுதான் பெரிய வில்லங்கம். பங்கஸ் (பூஞ்சணம்) பங்கை ஆகும், ஆனால் ஜீனஸ் (உயிரியல் பேரினம்) ஜெனரா ஆகும். ஒக்டோபஸ் லத்தீன் இல்லை, கிரேக்க வேர், அதால ஒக்டோபசஸ். வைரஸ், கம்பஸ் ரெண்டுக்கும் சாதாரண ஆங்கில விகுதி. சிலபஸுக்கு சிலபை, சிலபசஸ் ரெண்டும் சரி.

பஸ்ஸை மறந்திட்டன்! அது லத்தீன் 'ஒம்னிபஸ்'ஸின்ர வால். 'எல்லாருக்கும்' எண்டு பொருள். அங்க ஏற்கெனவே பன்மை. அதுக்கு மேல ஆங்கிலத்தில பசஸ், எங்களுக்கு பஸ்ஸுகள்.

அப்பெண்டிக்ஸ்? வயித்துக்குள்ள இருக்கிறது எண்டால் பெரும்பாலும் அப்பெண்டிக்சஸ், ஆய்வேட்டின்ர கடைசியில எண்டால் அப்பெண்டிசீஸ்.