அப்பாவின் மெத்தையும் அடியிலிருந்து வந்த வாடையும்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா தஞ்சாவூரில் எங்களோடுதான் இருக்கிறார். டயப்பர் விலகிப்போகும் இரவுகளில், யூரின் கேன் எட்டாத நேரங்களில் படுக்கை நனைந்துவிடும். போர்வையையும் விரிப்பையும் வாஷிங் மெஷினில் போட்டுவிடலாம். நாலு அங்குல ஃபோம் மெத்தையை என்ன செய்வது? "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்றுதான் கேட்ட எல்லோரும் சொன்னார்கள். புதுசும் அடுத்த மாதம் இப்படித்தான் ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டது ஒரு எளிய கணக்கில். வயது வந்த ஒருவர் ஒரு தடவை போகும் சிறுநீர் சுமார் 250 முதல் 400 மில்லி. ஸ்பிரே பாட்டிலை ஒரு தடவை அமுக்கினால் வருவது ஏறக்குறைய ஒரு மில்லி. மெத்தைமேல் எதையாவது இருபது தடவை ஸ்பிரே செய்துவிட்டு, அடிவரை ஊறிப்போன கால் லிட்டரைச் சரி செய்துவிட்டதாக நினைத்தால் எப்படி? ஃபோமில் காற்று போய்வருவதற்கென்றே ஒன்றோடொன்று திறந்த நுண்ணறைகள் இருக்கின்றன. சிறுநீர் அந்த வழியாக நேரே கீழே இறங்கி, அடிப்பக்கத்தில் அகலமாகப் பரவிவிடும். மேலே உள்ளங்கை அளவு கறை தெரிந்த இடத்தில், திருப்பிப் போட்டுப் பார்த்தால் கீழே தாம்பாளம் அளவுக்கு வளையம்.

ஆகையால் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சாம்பிராணிப் புகையும், உறவில் ஒருவர் சொன்ன பாச்சை உருண்டையும், வாசனைப் பவுடரும் என் பட்டியலில் ஏறவே இல்லை. வாடைமேல் இன்னொரு வாடை, அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. அதை யாரும் செய்ய வேண்டாம். பழைய சிறுநீரில் அம்மோனியா இருக்கும். பிளீச் அதோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய அறையில், படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில், அது விளையாட்டுக் காரியம் இல்லை. பிளீச்சோடு வினிகர் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும்.

புதிதாக வந்த சிறுநீருக்கு அத்தனை நெடி கிடையாது. அதிலிருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும். அம்மோனியா ஆவியாகிப் போய்விடும், தண்ணீரிலும் கரையும். யூரிக் அமிலத்தின் படிகங்கள் அப்படி இல்லை. தண்ணீரில் லேசில் கரையாமல் ஃபோமின் உள்ளறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் காயவைத்த மெத்தை சுத்தமாகிவிட்டது போல இருந்து, ஐப்பசி மழை பிடித்துக் காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி நாறத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

மழை விட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடிக்கும் என்று தெரிந்த பிறகே மெத்தையில் கைவைத்தேன். முதலில் உறையின் ஜிப்பைத் திறந்து கழற்றித் தனியாக ஊறவைத்தோம். இருட்டிய பிறகு, கள்ளநோட்டு பார்க்க உதவும் யுவி டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காய்ந்த சிறுநீர் அந்த ஒளியில் மங்கிய மஞ்சளாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு திட்டுகள் அகப்பட்டன. எல்லா வளையங்களையும் பேனாவால் சுற்றிக் குறித்துக்கொண்டேன்.

காலையில் மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதன்மேல் மெத்தை. ஊற்றும் தண்ணீர் அடிவழியே ஒழுகிப் போக வேண்டும். தரையில் கிடத்தினால் போகாது. மெத்தை முழுவதையும் நனைக்கவில்லை. குறித்த இடங்களில் மட்டும் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் அமுக்கினோம். ஈரமான ஃபோம் சீக்கிரம் கிழியும். விரலால் பிசைவதும் துணி பிழிவதைப்போல முறுக்குவதும் கூடாது. ஒழுகும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை இதே வேலை. பிறகு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஊற்றி அரைமணி நேரம் விட்டோம். அம்மோனியா காரம், வினிகர் அமிலம், ஒன்றையொன்று தணிக்கும். அதன்பின் மறுபடி தண்ணீர் விட்டு அலசி, முடிந்தமட்டும் அமுக்கி எடுத்தோம்.

உண்மையான வேலையைச் செய்தது என்ஸைம் கிளீனர்தான். நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த சாமான். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். கரையாத யூரிக் அமிலத்தை இது சிறு பொருள்களாக உடைத்துவிடுகிறது. பாட்டிலில் ஸ்பிரே மூடி இருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு நேரே ஊற்றினேன். சிறுநீர் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் இதுவும் போயாக வேண்டும். இன்னொன்று, ஈரம் இருக்கும்வரைதான் என்ஸைம் வேலை செய்யும். அதனால் மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி ராத்திரி முழுக்க நிழலில் விட்டேன். கிருமிநாசினி எதையாவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால் நன்றாக அலசிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பல பாட்டில்களில் இருப்பது என்ஸைமைச் சுரக்கும் உயிருள்ள பாக்டீரியா, கிருமிநாசினி பட்டால் அது செத்துப்போகும்.

காயவைப்பதுதான் இதில் பெரிய பாடு. நனைந்த ஃபோம் நாள்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடித்து, போன வாடைக்குப் பதில் புது வாடை வந்துவிடும். எங்கள் தெருமுனையில் கார் வாட்டர் வாஷ் செய்யும் தம்பியிடம் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் இருந்தது. என் வீட்டுக்காரர் கேட்டதும், "மெத்தைக்கா சார்?" என்று சிரித்தவர் அவரே வந்து உறிஞ்சிக் கொடுத்தார். பாதி ஈரம் அதிலேயே போய்விட்டது. பிறகு மெத்தையை நீளவாக்கில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்தோம். தண்ணீர் கீழ் ஓரத்தில் வந்து தேங்கும். அவ்வப்போது தலைகீழாகத் திருப்ப வேண்டும். நேர் வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளித்துப் பொடியத் தொடங்கும் என்பதால் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை மேலே போர்த்தினேன். சாயங்காலம் உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்குக் கீழே. காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய செய்தித்தாளை விரித்து மேலே கனமாக எதையாவது வைத்து, காலையில் தாள் மொடமொடப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

எஞ்சிய கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 ஆகும். கொஞ்சம் ஆப்ப சோடா சேர்த்து அப்போதைக்கப்போது கலந்து தடவ வேண்டும். மூடிவைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். வினிகரோடு ஒரே பாத்திரத்தில் கலக்கவும் கூடாது. உண்மையைச் சொன்னால், கறை போவது கண்ணுக்கு ஆறுதல். வாடைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

இவ்வளவும் ஆகி மெத்தையைக் கட்டிலில் போட்டால், அறையில் மறுபடி அதே வாடை! மூக்கை வைத்துப் பார்த்தேன், மெத்தையில் இல்லை. கட்டிலின் பிளைவுட் பலகை குடித்திருக்கிறது. அதையும் வினிகர் தண்ணீரால் துடைத்து, என்ஸைம் தடவிக் காயவைத்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தபிறகுதான் அறை அறையாக ஆனது. மெத்தையோடு போராடிக் களைத்தவர்கள் ஒருதரம் கட்டிலையும் முகர்ந்து பாருங்கள்.

உடம்பின் வடிவுக்கு ஏற்ப மெல்ல அமுங்கும் மெமரி ஃபோம் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை சரிவராது. 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கிய பொருள் அது. அடர்த்தி அதிகம், முழுக்க நனைத்தால் எளிதில் காயாது. கொஞ்சமாக ஊற்றி, துணியால் ஒற்றியெடுப்பதே நல்லது. அந்தக் காலத்து இலவம் பஞ்சு மெத்தை என்றால் பிரித்து, வெயிலில் போட்டு, பஞ்சடிக்கிறவரைக் கூப்பிட்டால் போதும்; அவரைத் தேடுவதுதான் இன்றைக்குக் கஷ்டம்.

சுத்தம் செய்யும்போது இன்னொன்றும் தெரிந்தது. அப்பா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். "குடிங்கப்பா" என்றால், "குடிச்சா ராத்திரி உனக்குத்தானேம்மா வேலை" என்பார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து வாடை இன்னும் கடுமையாகும், பாதையில் தொற்று வரவும் வழியாகும். அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போய், இதை டாக்டர் வாயாலேயே சொல்லவைத்தோம். இப்போது பகலில் நிறையக் குடிக்கிறார், ராத்திரி எட்டு மணிக்கு மேல் குறைத்துக்கொள்கிறார், படுக்கும் முன் ஒரு தடவை யூரின் கேன்.

படுக்கையின் அடுக்கையும் மாற்றிவிட்டோம். மெத்தைமேல் ரெக்சின் உறை, அதன்மேல் பருத்தி விரிப்பு, இடுப்புக்குக் கீழே மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும், ஈரம் உறிஞ்சும் அண்டர்பேட். ரெக்சின் நேராக முதுகில் படக்கூடாது. வியர்த்துப் படுக்கைப்புண் வரும். நனைந்தால் அந்த நிமிடமே பழைய துண்டால் ஒற்றியெடுத்துவிடுகிறோம். என்ஸைம் பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, கட்டிலுக்கடியில்.