நோய் வந்தால்தான் எங்களுக்கு வேலை

வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாயும் வயலில் கோதுமை நிற்பதைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை தம்பி?" என்பதுதான். "ரொம்பக் கம்மிதான்ணே" என்றால், "அப்புறம் எதுக்கு இதைப் போட்டுக்கிட்டு?" என்று அடுத்த கேள்வி வரும். விதை ஆய்வுத் திட்டம் ஒன்றில் களப் பணியாளனாகச் சில வருடங்கள் இருந்தேன். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது பாதி வேலையாக இருந்தது.

மதுரையைக் கோதுமை நாடாக்கும் ஆசை எங்களில் யாருக்கும் இல்லை. எந்த ரகம் இந்தச் சூட்டிலும் புழுக்கத்திலும் தாக்குப்பிடிக்கும், எது முதலில் வதங்கும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். செழிப்பான மண்ணில், குளிரில் எல்லா ரகமும் நன்றாகத்தான் தெரியும்.

பஞ்சாபில் நவம்பரில் விதைத்ததை ஏப்ரலில் அறுப்பார்கள். இங்கே அதே நவம்பரில் விதைத்தால் பிப்ரவரியிலேயே பழுத்து நிற்கும். தூர் கட்டுவதற்குக் குளிர் வேண்டும். மதுரையில் ஜனவரியிலும் ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பயிர் அவசரப்பட்டுக் கதிர் தள்ளிவிடும். பால் பிடிக்கும் சமயத்தில் பகல் சூடு 30 டிகிரியைத் தாண்டினால், மணிக்குள் மாவுச்சத்தைச் சேர்க்கும் நொதி மந்தமாகிவிடும். உமிக்குள் இருப்பது சுருங்கிய சிறு மணிதான். விதைப்பின்போது வடகிழக்கு மழை வேறு; தண்ணீர் தேங்கினால் இளம்பயிர் மஞ்சளாகும்.

நடுமத்தியானத்தில் வெப்பமானித் துப்பாக்கியோடு பாத்தி பாத்தியாக நடப்பேன். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வகைதான். ஒரே வெயிலில் நின்றாலும் சில ரகங்களின் இலைப்பரப்பு மற்றவற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அவை ஆழத்திலிருந்து தண்ணீர் இழுத்து ஆவியாக விடுகின்றன என்று அர்த்தம். களையெடுக்க வந்த அக்கா ஒருவர், "பயிருக்குக் காய்ச்சலா தம்பி?" என்று கேட்டார். எங்கள் அறிக்கைகளில் அதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை.

துருநோய்தான் இதில் பெரிய கதை. இலையிலும் தண்டிலும் துருப்பிடித்ததுபோல் கொப்புளம் போடும் பூசண நோய் அது. வட இந்தியச் சமவெளியின் கோடையில் துருப்பூசணம் பிழைக்காது. அப்படியானால் ஒவ்வொரு பருவமும் எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் ஆய்வு செய்த கரம் சந்த் மேத்தா இதன் பின்னாலேயே பல வருடம் அலைந்தார். இமயமலையோடு, தெற்கே நீலகிரியும் பழனி மலையும் அதன் இருப்பிடம் என்று காட்டினார். மலைக் குளிரில், தானாக முளைத்த கோதுமைச் செடிகளில்கூட அது ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கும். நமக்கு மழை தரும் அதே வங்கக்கடல் புயல்கள், நவம்பர் வாக்கில் தண்டைத் தாக்கும் கருந்துரு என்ற வகையின் வித்துகளை மத்திய இந்தியா வரை கொண்டுபோகும். நீலகிரி வெலிங்டனில் 1954இல் கோதுமை ஆய்வு நிலையம் வந்ததற்குக் காரணம் இந்தத் துருதான். கோதுமை அதிகம் தின்னாத மாநிலத்தில் இவ்வளவு முக்கியமான கோதுமை வயலா என்று எனக்கும் முதலில் ஆச்சரியம்தான்.

மலைத் தோட்டங்களில் நோயை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். சோதனை வரிசைகளைச் சுற்றி, சீக்கிரம் நோய் பிடிக்கும் 'ஆக்ரா லோக்கல்' போன்ற ரகங்களை விதைப்பார்கள். அவை சிவந்து உதிர்ந்தால் மகிழ்ச்சி. நோய் சரியாகப் பிடிக்காத வருடம் வீணான வருடம். இலையில் எத்தனை சதவீதம் துரு, கொப்புளம் எப்படிப்பட்டது என்று பார்த்து '40 எஸ்', '10 எம்ஆர்' என்று குறிப்பார்கள். எண் சதவீதம்; எஸ் என்றால் நோய்க்கு எளிதில் ஆளாவது, எம்ஆர் என்றால் ஓரளவு தாங்குவது. பயிர் பட்டுப்போனதற்கு ஒருவன் முகம் மலர்வதை விவசாயிக்கு விளக்குவது சுலபமில்லை.

வயல்காரர் கேட்டதில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: "நெல்லுல வர்ற குலை நோய் இதுக்கும் வருமா?" அதே இனப் பூசணத்தின் வேறொரு வகை கோதுமையைத் தாக்கும். 1985இல் பிரேசிலில் தெரிந்தது, 2016இல் வங்கதேசத்துக்கு வந்துவிட்டது. சூடும் ஈரமும் சேர்ந்த இடம்தான் அதற்கும் பிடிக்கும். எனவே நம் ஊர்ப் புழுக்கத்தில் ரகங்களைச் சோதிப்பது வீண்வேலை இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

எல்லா ரகத்திலும் அவருக்குப் பிடித்தது சம்பா கோதுமை. காப்ளி என்று வடக்கே சொல்வார்கள். கருந்துருவைத் தாங்கும் குணத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. அதிலிருந்து எடுத்த எஸ்ஆர்13 என்ற மரபணுவை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரைக்காரர்கள் வாங்குவதால் விலையும் உண்டு. (கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அதுதானா என்பது தனிக் கதை.) ஆனால் உமி மணியோடு ஒட்டிக்கொண்டே வரும், சாதாரணமாக அடித்தால் பிரியாது. அதற்கென்று தனி இயந்திரம் பக்கத்தில் எங்கும் இல்லை.

ஒரு மரக்கால் விதை கேட்டு வைத்திருந்தவர், அதைத் தெரிந்துகொண்டதும் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த போகம் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நெல்லே நட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.