தேரிக்காட்டில் ஒரு நிலா: இதுவரை ஆன வேலை

நிலா தயார். ராக்கெட்டும் முக்கால்வாசி முடிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக் காட்சிதான் இழுத்துக்கொண்டே கிடக்கிறது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1929 அக்டோபரில் பெர்லினில் வெளியான ‘நிலவில் பெண்’ என்கிற மௌனப் படத்திலிருந்து நிலாத் தரை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ராக்கெட் கிளம்புவது என்ற இரண்டு காட்சிகளை, கையில் இருக்கிற போனை வைத்தே திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு 40 வருஷம் முந்தின படம். ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபெர்த்தை ஆலோசகராக வைத்துக்கொண்டதால் அடுக்கடுக்காகக் கழன்று விழும் ராக்கெட், புறப்படும் அழுத்தத்தைத் தாங்கப் படுக்கை, மிதக்காமல் இருக்கத் தரையில் கால் வார் என்று பலதும் சரியாகவே இருக்கும். நிலாவில் காற்று இருப்பதும், அங்கே போய்ப் பேராசிரியர் ஒருவர் கையில் குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பதும் வேறு கதை. நம்மூரில் கிணறு வெட்டுமுன் வேப்பங்கவட்டையோடு வருகிறவரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

தமிழில் ‘கலை அரசி’ இருக்கே என்று ஒரு சிநேகிதன் கேட்டான். இருக்கிறது. 1963-இல், வேற்றுக்கிரகத்தார் பானுமதியைப் பாட்டுக்காகத் தூக்கிக்கொண்டு போவார்கள், எம்.ஜி.ஆரும் போவார். ஆனால் எனக்கு வேண்டியது பாட்டு இல்லை, மணல்.

லாங் பால்டிக் கடற்கரை மணலைக் கொண்டுவந்து ஸ்டுடியோவுக்குள் கொட்டி நிலாத் தரை போட்டார். நமக்கு அந்தச் செலவே வேண்டாம், திருநெல்வேலி மாவட்டத்து இட்டமொழிப் பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேடு, கிடக்கிறது. செக்கச் செவேல் என்றிருக்கும் மணல் எப்படி நிலாவாகும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சிவப்பாக இருப்பதுதான் வசதியே. தேரி மணலின் ஒவ்வொரு குருணையிலும் இரும்புத் துரு படிந்திருக்கிறது. அது சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், நீலத்தை விழுங்கிவிடும். வானம் இதற்கு நேர் எதிர். ஆகவே சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையாக்கினால் மணல் வெளுக்கும், வானம் கறுக்கும். பழைய காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டிப் பகலில் இரவை எடுத்தது இப்படித்தான்.

நான் முதலில் கடையில் விற்கும் சிவப்புக் கண்ணாடித்தாளைப் போன் மேல் ஒட்டினேன். போன் தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்த்துப் படத்தைக் கலங்கடித்தது. அதற்குப் பதில் கலரிலேயே எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்கிற வீடியோ எடிட்டிங் மென்பொருளில், மூன்று நிறங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆர்ஜிபி மிக்ஸரைத் திறந்து, மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) போட்டு, சிவப்பு 1.3, பச்சை 0, நீலம் மைனஸ் 0.3 என்று வைத்தேன். வானம் அப்படியே ராத்திரியானது.

எதிர்பார்க்காத ஒரு லாபமும் உண்டு. வெயில் படாத நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தானே. நீலம் போனதும் நிழலும் கன்னங்கரேல் என்று விழுந்தது. காற்றே இல்லாத இடத்தில் நிழல் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி. இந்த ஒன்றுக்காகவே இந்த வேலையைத் தொட்டது தகும்.

தொல்லை காற்றாலைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் ஒரு இறக்கை சுற்றும், இல்லாவிட்டால் பனை தலை நீட்டும். பள்ளத்தில் குப்புறப் படுத்து, மேட்டைப் பார்த்துக் கேமராவை அண்ணாத்தி வைத்தால் இரண்டும் மறைகின்றன. தொடுவானத்தை ஒட்டிய வானம் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். அண்ணாந்து எடுத்தால் அதுவும் ஒழிந்தது. காலை வெயிலில் வடக்கே பார்த்து எடுப்பது நல்லது, சூரியனுக்குக் குறுக்கே உள்ள வானம்தான் அதிகம் நீலம். ஆடியில் போகாதீர்கள். காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். மழை ஓய்ந்த தை மாதம் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

நிலாக்குழிகளுக்குச் சிரட்டை. காய்ந்த மணலில் விளிம்பு நிற்காமல் சரியும், தண்ணீர் தெளித்தால் அந்த இடம் மட்டும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். விடியலில் பனி ஈரம் இருக்கும்போதே சிரட்டையின் வளைந்த அடிப்பக்கத்தை மணலில் அழுத்தி, வெயில் ஏறி மேல்மணல் உலர்ந்ததும் எடுக்கவேண்டும். கால்தடத்தை அழிக்க ஒரு காய்ந்த பனையோலை.

ராக்கெட் உடம்பு பிவிசி குழாய். கூர்மூக்குக்கு அம்பாசமுத்திரம் போனேன், மரச்செப்புச் சாமான் கடைகிற பட்டறைக்கு. படத்தைக் காட்டியதும் அங்கிருந்த அண்ணாச்சி, “எந்தக் கோயில் கும்பம் தம்பி இது?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “வெயில்ல வைப்பீயளா? அப்ப அரக்கு வேண்டாம், இளகிரும். பெயிண்ட் அடிச்சுக்கோங்க” என்று மஞ்சக்கடம்புக் கட்டையைக் கடைசலில் ஏற்றினார். உளி பட்டதும் மஞ்சள் சுருள் சுருளாகப் பறந்தது. குழாய்க்குள் சொருகும் கழுத்தைக் கண்ணாலேயே அளந்தார், அச்சாகப் பொருந்தியது. இணைப்பில் எம்சீல் பசை வைத்து உப்புத்தாள் போட்டிருக்கிறேன். பெயிண்டை அதே மிக்ஸரின் கறுப்பு வெள்ளையில் பார்த்தே தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் அங்கே ஒன்று வெளுக்கும், மற்றது கறுக்கும்.

இனித் தொட்டி. படத்தில் ராக்கெட் தண்ணீருக்குள்ளிருந்துதான் கிளம்பும். என்னுடையது 60 செ.மீ., நிஜத்தில் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 25-இல் ஒரு பங்கு. அளவு சிறுத்தால் தண்ணீர் விழும் நேரம் அதன் வர்க்கமூலப்படி குறையும், 25-இன் வர்க்கமூலம் 5. அதனால் வினாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 120-இல் எடுத்து மெதுவாக ஓட்டினால் தண்ணீர் கனமாக விழுவதுபோல் தெரியும். துளிகளைத்தான் குட்டியாக்க முடியவில்லை, ஒவ்வொன்றும் ராக்கெட் முன்னால் பூசணிக்காய் அளவுக்குத் தெறிக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டால் மேற்பரப்பு இழுவிசை குறைந்து துளி சிறுக்கிறது. கூடப்போனால் நுரை தள்ளுகிறது. சரியான அளவு இன்னும் பிடிபடவில்லை.

இந்தக் காட்சியில் வசனத்துக்குப் பதில் வரும் எழுத்து அட்டைகள் மட்டும் முடிந்தன. ஏறுவரிசையில் எண்ணினால் எப்போது கிளம்பும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது என்றுதான் லாங் இறங்குவரிசையில் எண்ணவைத்தார். 6, 5, 4 என்று வந்து கடைசியில் ‘இப்போது!’ தமிழ் எழுத்தைக் கையாலேயே எழுதி ஸ்கேன் செய்தேன். ராக்கெட்டை மேலே இழுக்கும் நைலான் நரம்பு வெயிலில் மினுங்குகிறது, அதற்குக் கரி தேய்த்துப் பார்க்கவேண்டும். அடுத்த பதிவில் தொட்டிக் காட்சியைப் போடுகிறேன்.