மூன்று மாதமும் ஒரு போயா நாளும்

கிளிநொச்சியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இணைய இதழ் ஒன்று தொடங்கினோம். எந்த மென்பொருளில் நடத்துவது என்று தீர்மானிக்க ஒரு கிழமை போதும் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் போனது. அதில் பாதி என் மடைத்தனம்.

வவுனியாவில் ஒரு கடைக்குப் போய் "எது திறமானது?" என்று கேட்டதுதான் முதல் பிழை. ஜூம்லா போட்டுத் தந்தார்கள். 2005 முதல் இருக்கிற மென்பொருள். பல மொழிகளில் இதழ் நடத்துபவர்களுக்கு அந்த வசதி உள்ளேயே உண்டு. ஆனால் எங்கள் இதழாசிரியர் ஓய்வுபெற்ற ரீச்சர். கட்டுரை, பிரிவு, மெனு என்று மூன்று இடம் பார்த்தால்தான் ஒரு கட்டுரை வாசகர் கண்ணில் படும் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. இரவு எட்டு மணிக்குப் போன் வரும்: "தம்பி, நான் சேமிச்சனான், எங்கை போச்சுது?"

சரி, மாற்றுவோம் என்று பார்த்தால் டொமைன், அதாவது இதழின் இணையப் பெயர், கடைக்காரரின் பெயரில் இருக்கிறது! ஏ9 வீதியில் பஸ் ஏறி, ஓமந்தை தாண்டி, வெயிலில் கடை வாசலில் போய் நின்றால் பூட்டு. அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. கலண்டரைப் பார்க்காதது என் பிழைதான், ஆனாலும் கோபம் கடையின் மேல்தான் வந்தது. அடுத்த கிழமை மறுபடி போனேன். "எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்" என்று சிரித்தார். பெயர் மாற மேலும் இரண்டு கிழமை. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே காசு கட்டி எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரையும் யோசித்தோம். இலவசம், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இணைய இடம்) தேடும் தலையிடி இல்லை. ஆனால் அதில் சேர்க்கும் எழுத்தாளர் யாரும் ஆசிரியரைக் கேட்காமலே வெளியிட்டுவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற இதழுக்கு அது சரிவராது. கடைசியில் வேர்ட்பிரஸ். அதிலும் இரண்டு உண்டு: நிறுவனம் தானே நடத்தித் தருவது ஒன்று, இறக்கி எடுத்து நம் ஹோஸ்டிங்கில் போடுவது மற்றது. இரண்டாவதை எடுத்தோம். நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பிள்ளைகளுக்குப் 'பங்களிப்பாளர்' நிலை கொடுத்தேன். எழுதலாம், வெளியிட முடியாது. நல்லது. ஆனால் படம் ஏற்றும் பொத்தானே அவர்களுக்குத் தெரியவில்லை. நெற் மோசம் என்று ஒரு நாள் முழுக்க ரவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். அந்த நிலைக்குப் படம் ஏற்றும் உரிமையே கிடையாதாம்! இப்போது படங்கள் வைபரில் எனக்கு வருகின்றன.

அப்புறம் கட்டுரைகளின் இணைய முகவரிச் சிக்கல். தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால் முகவரியில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறிகளாக விரியும். வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடமோ 200 குறிகளுக்குத்தான். இரணைமடுக் குளம் பற்றிய கட்டுரையின் நீண்ட தலைப்பு முகவரியில் நடுவிலேயே அறுந்து நின்றது. வெளியிட முன்னரே முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதிவிடுங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கட்டுரைகள் இன்னொரு கூத்து. இணையத்துக்கு ஏற்ற யுனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றி இடையில் கிடக்கிற மின்னஞ்சல் முகவரியையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். ஆங்கிலத் துண்டுகளை முதலில் வெட்டி வைத்துவிட்டு மாற்றுவதுதான் எங்கள் வழி. முப்பத்தொரு பழைய கட்டுரையையும் கையால்தான் கொண்டுவந்தோம்.

போன வெள்ளி இரவு எட்டு மணிக்குப் போன் அடித்தது. நெஞ்சு பக்கென்றது.

"தம்பி, தலைப்பிலை ஒரு ஒற்று விடுபட்டுப்போச்சு. நானே திருத்திப் போட்டிட்டன். சும்மா சொல்லுவம் எண்டு எடுத்தனான்."