அரிசோனாவில் இஎஸ்ஏ: பள்ளியை உறுதி செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். அரிசோனா மாநிலத்தின் இஎஸ்ஏ கணக்கின் (தனியார் பள்ளிக் கட்டணம், தெரபி போன்ற கல்விச் செலவுக்காகப் பிள்ளைக்கு மாநிலம் பணம் போடும் கணக்கு) உதவியோடு அவனை அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றினோம். சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இதே யோசனையில் இருக்கும் நம் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இந்தத் திட்டம் 2011-இல் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது. 2022-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்தால் மாநிலம் தரும் தொகையில் ஏறக்குறைய 90 சதவீதம் பிள்ளையின் கணக்குக்கு வரும். பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 7,000 டாலரை ஒட்டி வரும். ஆட்டிசம் போன்ற பிரிவுகளுக்கு அதைவிட மிக அதிகம்.

விண்ணப்பம் பெரிய வேலை இல்லை. மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கூடுதல் தொகை வேண்டும் என்றால் மட்டும் குறைபாட்டுக்கான ஆவணம் தேவை. அரசுப் பள்ளி செய்த மதிப்பீட்டு அறிக்கையும் ஐஇபியும் (பிள்ளைக்குப் பள்ளி தர வேண்டிய சிறப்பு உதவிகளை எழுதிய தனிக் கல்வித் திட்டம்) எங்களிடம் இருந்தன. பிள்ளை அங்கே படிக்கும்போதே இவற்றின் பிரதிகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக மாநிலத்தோடு போடும் காண்ட்ராக்ட்தான் நிதானமாகப் படிக்க வேண்டியது. அதில் கையெழுத்துப் போட்டால், அது நடப்பில் இருக்கும் வரை பிள்ளையை அரசுப் பள்ளியிலோ சார்ட்டர் பள்ளியிலோ (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளி) சேர்க்க முடியாது. அவனுக்குக் கல்வி தரும் கடமையிலிருந்து டிஸ்ட்ரிக்டை (நம் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை) நாமே விடுவிக்கிறோம். ஐஇபி வழியாகச் சட்டப்படி கிடைத்துவந்த ஸ்பீச் தெரபியும் மற்ற உதவிகளும் அதோடு நின்றுவிடும். தனியார் பள்ளிக்கு அந்தக் கடமை கிடையாது. இதைப் பற்றி நானும் என் கணவரும் பல இரவுகள் பேசினோம்.

பள்ளி தேடியபோதுதான் இதன் கனம் உறைத்தது. கட்டணத்துக்குப் பணம் கிடைக்கும் என்று இருந்தும், ஆட்டிசம் என்று சொன்னதும் “எங்களிடம் அதற்கான ஆட்கள் இல்லை” என்று சில பள்ளிகள் சொல்லிவிட்டன. பெற்றோர் தேர்வு என்கிறார்கள், ஆனால் கடைசியில் தேர்வு செய்வது பள்ளிதான். இது எனக்கு இன்றும் வருத்தம். சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் ஒரு சின்னப் பள்ளி இடம் தருவதாக எழுத்தில் உறுதி சொன்ன பிறகுதான் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டோம். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம் பணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளாஸ்வாலட் என்ற இணையப் பணத் தளத்தில் உள்ள கணக்கில் வரும். பள்ளிக் கட்டணத்தை அங்கிருந்து நேராகப் பள்ளிக்கே அனுப்பலாம். கைக்காசு போட்டுத் திரும்ப வாங்குவதைவிட எங்களுக்கு அதுதான் வசதி. தெரபிஸ்ட் தரும் பில்லில் பிள்ளையின் பெயர், தேதி, என்ன சேவை என்பதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செலவாகாத தொகை கணக்கிலேயே இருக்கும். கோடை விடுமுறையில் பள்ளி இல்லாவிட்டாலும் ஸ்பீச் தெரபி நிற்கக் கூடாது என்று அதற்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.