நாலாவது தடவையில் முளைத்த மரிக்கொழுந்து

23 நாற்று. நவம்பர் 9 அன்று விதைத்த மரிக்கொழுந்தை 56ஆம் நாள், அதாவது நேற்று, தொட்டிகளுக்கு மாற்றி முடித்தேன். மூன்று தடவை மண்ணைக் கவ்விய பிறகு கிடைத்த 23 என்பதால் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோற்ற கதையை முதலில் முடித்துவிடுகிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடியில் முதல் முயற்சி. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னதில் மரிக்கொழுந்தும் அடக்கம் என்று நினைத்துவிட்டேன். இது பனிக்காலத்துச் செடி. நவம்பரில் விதைத்தால் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் அறுத்துவிடுகிற நான்கு மாதப் பயிர். அதைப் போய் ஆடி வெயிலில், வெண்டை விதை ஊன்றுகிற மாதிரி அரை அங்குல மண்ணுக்குள் புதைத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்தது அக்டோபரில். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக மேலாகத் தூவினேன், ஆனால் பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். விதை மொத்தமும் தட்டின் ஒரு மூலைக்கு மிதந்து போய் ஒதுங்கியது. மறுநாள் காலையில் அந்த மூலையிலிருந்து சுவர் வரைக்கும் எறும்பு வரிசை.

மூன்றாவதுதான் மனதை உடைத்தது. டிசம்பரில், வேறு பாக்கெட். 19 முளைத்தன. எட்டாம் நாள் எல்லாம் நிமிர்ந்து நின்றன, பன்னிரண்டாம் நாள் ஒன்று சாய்ந்தது, பதினான்காம் நாள் ஒன்றுகூட இல்லை. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்ணீர் கோத்த மாதிரி நிறம் மாறி, அப்படியே படுத்துவிடும். நாற்றழுகல். தக்காளி, மிளகாய் நாற்றில் பார்த்திருப்பீர்கள். அங்கே பத்து போனாலும் பத்து மிஞ்சும், இங்கே எதுவும் மிஞ்சவில்லை.

யோசித்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு தோல்விக்குத் தண்ணீர்தான் காரணம். இந்த விதை எவ்வளவு பொடி என்பதைக் கையில் எடுத்தால்தான் தெரியும். ஒரு ஹெக்டேர் நிலத்துக்கே ஒன்றரைக் கிலோ விதை போதும் என்று கணக்குச் சொல்வார்கள். கடுகெல்லாம் இதன் பக்கத்தில் பூசணிக்காய். மேலே ஊற்றினால் ஓடிவிடும், புதைத்தால் எழுந்திருக்காது, காய விட்டால் ஒரு மத்தியானத்தில் செத்துவிடும், ஈரமாகவே வைத்தால் அழுகும். சரி, மேலே ஊற்றவே கூடாது என்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை செய்தது இதுதான். தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பா, மூடி கண்ணாடி மாதிரி தெரிகிற வகை. அடியில் கோணூசியைச் சூடு பண்ணி முப்பது ஓட்டை. மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு, ஆற்று மணல் மூன்றும் சம அளவு, எல்லாவற்றையும் மாவுச் சல்லடையில் சலித்தது. (சல்லடைக்காக வாங்கிய திட்டைத் தனியாக எழுதலாம்.) டப்பாவைத் தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர். பத்து நிமிடத்தில் மேல்மண் கருத்துவிடும். கருத்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த 'எடுத்துவிட வேண்டும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் நாள் போன் வந்ததில் மறந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டேன், கலவை சேறாகி மறுபடி நிரப்ப வேண்டி வந்தது. அதற்குப் பிறகு சமையலறை டைமரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தேன். தாம்பாளத் தண்ணீரில் சூடோமோனாஸ் (அழுகல் பூஞ்சையை அடக்குகிற நல்ல பாக்டீரியாப் பொடி) கலந்தது இரண்டே தடவை, விதைத்த அன்றும் முளைத்த பிறகும், லிட்டருக்குப் பத்து கிராம்.

விதையை மெல்லிய துணியில் முடிந்து 48 மணி நேரம் ஊறப்போட்டேன், காலை மாலை தண்ணீர் மாற்றினேன். ஊறின விதை கேழ்வரகு மாவு மாதிரி விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும், தூவவே முடியாது. அரைத் தேக்கரண்டி விதைக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த மணலைப் போட்டுப் பிசறினால் உதிரியாகிவிடும், கோலப்பொடி மாதிரி போடலாம். மேலே மண் போடவில்லை. உள்ளங்கையால் லேசாக அழுத்தியதோடு சரி. டப்பாவை மூடி, ஒரு செங்கல் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர் நிரப்பிய பேசினில் வைத்தேன். சர்க்கரை டப்பாவுக்குப் பாட்டி செய்த அதே எறும்பு வைத்தியம்.

ஆறாம் நாள் பச்சையாக ஒரு பூஞ்சைப் படலம் மாதிரி தெரிந்தது. போச்சு என்று மூடியைத் திறந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோனால், முளைகள்! எண்ண முடியவில்லை. அன்றைக்கே மூடியை எடுத்துவிட்டேன். போன தடவை 'ஈரம் போய்விடுமே' என்று மூடியே வைத்திருந்ததும் நாற்றழுகலுக்கு ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அதே வாரம் இங்கே திண்டுக்கல்லில் நல்ல மழை. மாடியில் டப்பாவுக்கு மேல் குடையை விரித்துக் கம்பியில் கட்டிவைத்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமா, "யாருக்குப்பா குடை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆற்று மணலைப் பற்றியும் புலம்பிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் எம்-சாண்ட்தான், கல்லை உடைத்துச் செய்கிற மணல். அதில் இருக்கிற கல் தூசி காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. இந்த முளைக்கு அதை உடைத்துக்கொண்டு வரத் தெம்பு இல்லை. பழைய மீன் தொட்டியில் இருந்த மணலைக் கழுவி எடுத்துத்தான் ஒப்பேற்றினேன்.

விதை கிடைத்த கதையும் முக்கியம். முன்பு வாங்கிய இரண்டு பாக்கெட்டிலும் எந்த வருடத்து விதை என்று போடவே இல்லை. மரிக்கொழுந்து விதைக்கு ஆயுசு குறைவு, போன பருவத்து விதையாக இருந்தால்தான் நல்ல முளைப்பு. மிச்சம் இருந்ததை ஈரத் தாளில் போட்டுச் சோதித்தேன், பத்து நாளில் நாலைந்துதான் கண் திறந்தது. இதை நான் கொத்து வாங்குகிற பூக்கார அக்காவிடம் புலம்பினேன். "பாக்கெட்டுல வாங்குனா அப்படித்தான் தம்பி. மாசி கழிச்சு வா, எங்க ஊர்ல முத்துன கொத்தா வாங்கித் தாரேன்" என்றார். நிலக்கோட்டைப் பக்கம் அவருடைய ஊர். சொன்னபடி மார்ச் கடைசியில் காய்ந்த கொத்து ஒரு பை வந்தது. நிழலில் உலர்த்தி, துணியில் தேய்த்து, புடைத்து எடுத்தால் ஒரு கரண்டி தூள். அது விதையா குப்பையா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் முளைத்தது அதுதான்.

'கொத்து வாங்கிக் குச்சியை நட்டாலே வேர் விடுமே' என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அது மரு. மரு வேறு, மரிக்கொழுந்து வேறு. மருவுக்கு இலை சின்னதாக உருண்டையாக இருக்கும், குச்சியிலிருந்தே வரும். மரிக்கொழுந்துக்கு இலை வெட்டு வெட்டாக, சாம்பல் பூசிய பச்சை. தவனம் என்பதும் இதைத்தான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குத் தவன உற்சவம் என்றே ஒன்று நடக்கும். பூக்கடைக் கொத்தை நானும் நட்டுப் பார்த்தேன். நாலு நாள் பச்சையாக இருந்து ஏமாற்றிவிட்டு வாடிவிட்டது.

முளைத்தது எண்ண முடியாத அளவு, நின்றது 23 என்றால் நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கலைக்க மனசு வராமல் நெருக்கமாகவே விட்டுவைத்தேன். முடி மாதிரி நீண்டு ஒன்றை ஒன்று அமுக்கின. மூன்றாம் வாரம் பல் குத்தும் குச்சியால் பிரித்து இட்லித்தட்டுக் குழி அளவு கப்புகளுக்கு மாற்றியதில் பாதி போனது. அடுத்த வருடம் மணலை இன்னும் இரண்டு கைப்பிடி கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த திட்டம் ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருக்கிறது. லாவெண்டர் விதை, ஈரத் தாளில் சுற்றி, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், நாலு வாரக் குளிருக்காக. திண்டுக்கல் வெயிலில் அது தேறாது என்று எனக்கே தெரியும். தோற்றுப்போனால் இருக்கவே இருக்கிறது திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் போட வாங்கிய சப்ஜா விதையைத் தூவினாலே வந்துவிடுகிறது, ஊறப்போடவும் வேண்டாம், குடையும் வேண்டாம்.

இப்போது தொட்டியில் இருப்பவை ஒரு சாண்கூட இல்லை. நுனி கிள்ளுவதா வேண்டாமா என்று நேற்று முழுக்கக் குழம்பி, 11 செடியில் கிள்ளினேன், 12ஐ விட்டுவிட்டேன். எது அடர்த்தியாக வருகிறது, எது முதலில் அந்த மஞ்சள் மொட்டு வைக்கிறது என்று பிப்ரவரியில் சொல்கிறேன். கிள்ளிய நுனிகள் பதினொன்றையும் அம்மா கேட்டு வாங்கி மல்லிச் சரத்தில் வைத்துக் கட்டினார். சரத்தில் அவை கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் என் கட்டைவிரலில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் வாசம் இருந்தது, சோப்புப் போட்டுக் கழுவியும்.